ஒரு பள்ளிக்கூடமும் நாலு டீக்கடையும்: ஸ்காட்லாந்து பயணக் குறிப்புகள்

செவ்வாய், கார்னெட்ஹில்

ரென்ஃப்ரூ தெரு மேட்டில் ஏறிப் பார்த்தால் கிளாஸ்கோ கலைப்பள்ளியின் பழைய கட்டடம் கண்ணில் படுவதில்லை. சாரமும் அதன்மேல் போர்த்திய திரையும்தான் தெரிகின்றன. 2014 மே 23 அன்று முதல் தீ. ஆண்டிறுதிக் கண்காட்சிக்காக மாணவர்கள் வேலை செய்துகொண்டிருந்த நேரம். ஒரு படைப்புக்குப் பயன்படுத்திய ஃபோமிலிருந்து வந்த வாயு புரொஜெக்டர் சூட்டில் பற்றிக்கொண்டது. உலகமெங்கும் இருந்து கட்டடக்கலை மாணவர்கள் பார்க்க வந்துகொண்டிருந்த மர நூலகம் எரிந்துபோனது. பழைய படங்களை வைத்துப் பலகை பலகையாக அதைத் திரும்பச் செய்துகொண்டிருந்தபோது, 2018 ஜூன் 15 இரவு இரண்டாவது தீ. இந்தத் தடவை கட்டடம் முழுக்க வெறும் கூடாகிவிட்டது. தீயணைப்புத் துறை மூன்றரை வருஷம் ஆராய்ந்து 2022-ல் அறிக்கை கொடுத்தது. தீக்குக் காரணம் என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதுதான் அதன் முடிவு.

"இத்தனை வருஷமா இந்தப் பக்கம் பஸ்ல போறேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு ஒரு நாளும் கேட்டதில்லடீ" என்றாள் அக்கா. அவள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன்.

அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ் என்ற கட்டடக்கலைஞர். அவர் பெயர் இந்த ஊரில் சாவிக்கொத்தில் இருக்கிறது, டீ கோப்பையில் இருக்கிறது, ஏர்போர்ட் கடையில் விற்கும் கைக்குட்டையில்கூட இருக்கிறது. அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் நான் எம்பிராய்டரி கற்றுக்கொடுத்துப் பிழைப்பவள். அந்தப் பெயரைச் சுற்றி ஒரு பெரிய கூட்டம் இருந்தது, அதில் பாதிக்கு மேல் பெண்கள், அவர்களில் பலர் ஊசியும் நூலும் பிடித்தவர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து இந்தப் பயணத்துக்காகப் பணம் சேர்த்தேன்.

கதை 1885-ல் தொடங்குகிறது. ஃபிரான்சிஸ் நியூபெரி என்பவர் இந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வருகிறார். கப்பல் கட்டும் ஊர், இரும்பு ஊர், கரிப்புகை ஊர். கலை என்றால் லண்டனைத்தான் பார்க்க வேண்டும் என்ற நிலை. அவர் செய்த முக்கியமான காரியம், பெண்களைப் பகல் வகுப்பில் முழுநேர மாணவிகளாக நிறையச் சேர்த்ததும், அவர்களையே ஆசிரியைகளாக வேலைக்கு எடுத்ததும். மாலை வகுப்புக்கு வேறு ஒரு கூட்டம் வந்தது. பகலில் அலுவலகத்தில் வரைபடம் வரைந்துவிட்டு வரும் பையன்கள். அவர்களில் இருவர் மெக்கின்டாஷும் ஹெர்பர்ட் மெக்நேரும். ஹனிமேன் அண்ட் கெப்பி என்ற கட்டடக்கலை நிறுவனத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். பகல் வகுப்பில் மார்கரெட் மெக்டொனால்ட், அவர் தங்கை ஃபிரான்சஸ். இங்கிலாந்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள்.

பகல் மாணவிகளும் மாலை மாணவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வழியே இல்லை. இவர்களின் வரைதல்களில் ஒரே சாயல் இருப்பதைக் கவனித்து, 1893-94 வாக்கில் நால்வரையும் அறிமுகம் செய்துவைத்தவர் நியூபெரிதான். 'நால்வர்' என்று வரலாறு சொல்வது இவர்களை. நீண்டு மெலிந்த பெண் உருவங்கள், கொடி போல இழுத்த கோடுகள், மூடிய கண்கள். 1896-ல் லண்டனில் ஒரு கண்காட்சியில் இவர்களின் வேலை வைக்கப்பட்டபோது பலர் முகம் சுளித்தார்கள். 'பேய்ப் பள்ளி' என்று பட்டப்பெயர் விழுந்தது. அதே வருஷம் மெக்டொனால்ட் சகோதரிகள் இருவரும் ஹோப் தெருவில் சொந்தமாக ஸ்டூடியோ திறந்து உலோகத் தகட்டு வேலை, எம்பிராய்டரி, ஓவியம் எல்லாம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். கேலிக்கு அவர்கள் கொடுத்த பதில் அந்த ஸ்டூடியோ என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

திரும்பும் வழியில் பிளைத்ஸ்வுட் சதுக்கத்தில் 5-ஆம் எண் வீட்டு வாசலைப் பார்த்தோம். கிளாஸ்கோ பெண் ஓவியர் சங்கம் இருந்த இடம். 1882-ல் தொடங்கிய சங்கம். அந்தக் கதவுச் சட்டத்தை மெக்கின்டாஷ் 1908-ல் வடிவமைத்தார். இந்த ஊரின் ஆண் ஓவியர்களுக்கு இருந்த கிளப் 1980-கள் வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அந்த வாசலுக்கு முன்னால் நின்று அக்காவிடம் இதைச் சொன்னபோது, "நான் இங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்குமா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.


புதன், கெல்வின்க்ரோவ்

சிவப்பு மணற்கல்லில் கட்டிய பெரிய அருங்காட்சியகம், 1901-ல் திறந்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. மதியம் மைய மண்டபத்தில் ஆர்கன் வாசிப்பார்கள். குழந்தைகள், பள்ளிக்கூடப் பைகள், சாண்ட்விச் வாசனை எல்லாவற்றுக்கும் மேலே அந்த இசை ஏறி நிற்கிறது. ஊர் மக்கள் தங்கள் வீட்டுக் கூடம் போல நடமாடும் அருங்காட்சியகம். எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

முதலில் 'கிளாஸ்கோ பாய்ஸ்' ஓவியங்கள். ஜேம்ஸ் கத்ரி, ஜான் லாவரி, ஜார்ஜ் ஹென்றி, ஈ.ஏ. ஹார்னெல். நால்வருக்கு ஒரு பத்து வருஷம் முந்திய கூட்டம். எடின்பரோ கலைக்கழகத்தின் வழவழப்பான மலைக்காட்சி ஓவியங்களில் சலிப்புற்று, வயலில் முட்டைக்கோஸ் வெட்டுகிறவர்களையும் வாத்து மேய்க்கிற சிறுமிகளையும் வரைந்தவர்கள். 1890-ல் லண்டனிலும் பிறகு மியூனிக்கிலும் காட்சி வைத்துப் பெயர் வாங்கினார்கள். விஸ்லர் என்ற ஓவியர் வரைந்த, எழுத்தாளர் தாமஸ் கார்லைலின் உருவப்படத்தை வாங்கும்படி நகராட்சியை நச்சரித்து 1891-ல் வாங்க வைத்தவர்களும் இவர்கள்தான். ஒரு பொதுச் சேகரிப்பு விஸ்லர் ஓவியத்தை வாங்கியது அதுவே முதல் தடவை. அந்தப் படம் இங்கே இருக்கிறது. ஹென்றியும் ஹார்னெலும் சேர்ந்து வரைந்த ட்ரூயிட் எனப்படும் பழங்காலப் பூசாரிகளின் ஊர்வலமும் இருக்கிறது. 1890-ல் வரைந்தது, தங்கத் தகடு ஒட்டியது. ஓவியத்திலிருந்து அலங்காரக் கலைக்கு ஒரு கால் எடுத்து வைத்த படம் அது.

மற்றதையெல்லாம் வேகமாகக் கடந்துவிட்டேன். மார்கரெட்டின் 'மே ராணி' முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

1900-ல் இங்க்ராம் தெருவில் ஒரு டீக்கடைச் சுவருக்காகச் செய்தது. மூன்று பலகைகள் சேர்ந்து சுமார் நாலரை மீட்டர் அகலம். தூரத்திலிருந்து பார்த்தால் நடுவில் வெள்ளை உடுப்பில் ஒரு பெண், இரண்டு பக்கமும் பூமாலை பிடித்த தோழிகள். கிட்டப் போனால்தான் வேலை புரிகிறது. அடியில் சணல் துணி. அதன்மேல் ஜெஸ்ஸோ என்கிற சுண்ணப் பசைப் பூச்சு. ஓவியர் கோடு வரைய வேண்டிய இடத்தில் மார்கரெட் சரடு வைத்திருக்கிறார். சாதாரண நூல் சரடு. அதை வளைத்து, குண்டூசி குத்தி நிறுத்தி, மேலே பசை பூசியிருக்கிறார். சில இடங்களில் கேக் மேல் ஐசிங் பிழிவதைப் போலப் பசையையே மேடாகப் பிழிந்திருக்கிறார். இடையிடையே கண்ணாடி மணிகள். ஒரு தோழியின் பாவாடை விளிம்பில் சரடு லேசாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்குக் கீழே சணலின் இழை அப்படியே தெரிகிறது.

என் தொழிலில் இதற்கு கௌச்சிங் என்று பெயர். துணியின் மேல் தடித்த நூலைக் கிடத்தி, இன்னொரு மெல்லிய நூலால் பிடித்துத் தைப்பது. மார்கரெட் ஊசியையும் மெல்லிய நூலையும் எடுத்துவிட்டுப் பசையை வைத்தார், அவ்வளவுதான். எம்பிராய்டரி தெரிந்த ஒரு கையால்தான் இதை யோசித்திருக்க முடியும்.

அந்தக் கை எங்கே பழகியது என்பதற்குப் பதில் பக்கத்து அலமாரிகளில் இருக்கிறது. நியூபெரியின் மனைவி ஜெஸ்ஸி நியூபெரி. பெய்ஸ்லி ஊரில் சால்வை நெய்து விற்ற குடும்பத்துப் பெண். 1894-ல் கலைப்பள்ளியில் எம்பிராய்டரி வகுப்பைத் தொடங்கினார். அதுவரை மேட்டுக்குடிப் பெண்கள் கம்பளி நூலில் நாய்க்குட்டியும் ரோஜாவும் அச்சுப் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்த கலை. ஜெஸ்ஸி விலையுயர்ந்த பட்டை ஒதுக்கிவிட்டு லினன், காடாத்துணி போன்றவற்றை எடுத்தார். இளஞ்சிவப்புத் துணியை வட்டமாக வெட்டி வேறு துணிமேல் அப்ளிக்காக வைத்துத் தைத்து, விளிம்பைச் சாட்டின் தையலால் மூடி, உள்ளே இரண்டு மூன்று வளைகோடு. ரோஜா தயார். இன்று கிளாஸ்கோ ரோஜா என்று மெக்கின்டாஷ் பெயரில் ஊரெல்லாம் விற்கிறதே, அது இந்தத் துணி வட்டத்திலிருந்துதான் வளர்ந்தது என்று பலர் சொல்கிறார்கள். இங்கே உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகம் இல்லை. கத்தரிக்கோலால் வெட்டக்கூடிய பூ அது.

ஜெஸ்ஸிக்குப் பிறகு வகுப்பை நடத்திய ஆன் மெக்பெத் இன்னும் ஒரு படி போனார். பள்ளி ஆசிரியைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு. 1911-ல் மார்கரெட் ஸ்வான்சனோடு சேர்ந்து ஒரு பாடநூல். அதுவரை ஆறு வயதுக் குழந்தையிடம் வெள்ளைத் துணியையும் வெள்ளை நூலையும் கொடுத்து, கண்ணுக்கே தெரியாத பொடித் தையல் போடச் சொல்வார்கள். மெக்பெத் அதை மாற்றினார். சின்னப் பிள்ளைக்குத் தடித்த துணி, தடித்த வண்ண நூல், பெரிய தையல். கண்ணும் விரலும் வளர வளரத் தையலும் சிறுக்கலாம். நான் என் வகுப்பில் தொடக்கக்காரர்களுக்குச் செய்வது இதே முறை. எனக்குக் கற்றுக்கொடுத்த டீச்சரும் இதைத்தான் செய்தார். இது எங்கிருந்து வந்தது என்று யோசித்ததே இல்லை.

பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நடந்த போராட்டத்துக்கும் மெக்பெத் தைத்தார். 1910 ஊர்வலத்தில் போன ஒரு பதாகையில், சிறையில் உண்ணாவிரதம் இருந்த 80 பெண்களின் கையெழுத்து நூலால் தைக்கப்பட்டிருந்தது. அது இப்போது லண்டனில் இருக்கிறது. அடுத்த தடவை.


வியாழன், சாக்கிஹால் தெரு

இன்று மழை. வெளியே சுற்ற முடியாத நாளில் டீக்கடை.

கேட் கிரான்ஸ்டன், ஊருக்கு மிஸ் கிரான்ஸ்டன். 1878-ல் முதல் டீக்கடை திறந்தார். பிறகு இங்க்ராம் தெரு, பியூகேனன் தெரு, கடைசியாக 1903-ல் இந்த வில்லோ டீ ரூம்ஸ். மதுவிலக்கு இயக்கம் வலுவாக இருந்த காலம். சாராயக்கடையைத் தவிர உட்கார்ந்து பேச வேறு இடம் இல்லாத ஊரில், ஆண் துணை இல்லாமல் பெண்கள் வந்து உட்காரக்கூடிய இடமாக இவற்றை நடத்தினார். புதுமையான எல்லாவற்றையும் தன் கடைக்குள் கொண்டுவந்த அந்த அம்மாள், தான் மட்டும் பழங்காலத்துக் குடைப்பாவாடை உடுத்திக்கொண்டே கடைசிவரை நடமாடினார்.

மெக்கின்டாஷுக்கு இவர் இருபது வருஷம் வேலை கொடுத்தார். சுவர் அலங்காரத்தில் ஆரம்பித்து, பிறகு நாற்காலி, பிறகு முழு அறை, வில்லோவில் முகப்பு முதல் கரண்டி வரை. ஜெர்மனியில் பத்திரிகைகள் புகழ்ந்தாலும் உள்ளூரில் பெரிய கட்டடங்களை அவரிடம் நம்பிக் கொடுத்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் மிஸ் கிரான்ஸ்டனைப் போல விடாமல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டவர் யாருமில்லை.

மாடியில் தெருவைப் பார்த்த சலோன் டி லக்ஸ். வெள்ளிப்பூச்சு நாற்காலிகள், ஊதா மெத்தை, சுவரைச் சுற்றிலும் ஈயப்பட்டை வைத்த கண்ணாடித் துண்டுகள். அந்தக் காலத்தில் கீழே குடிப்பதைவிட இங்கே டீ ஒரு பென்னி அதிகம். மார்கரெட்டின் ஜெஸ்ஸோ பலகை ஒன்று சுவரில் இருக்கிறது. இங்கே இருப்பது நகல். மூலத்தை நேற்று போன கெல்வின்க்ரோவில் வைத்திருக்கிறார்கள். கட்டடம் பிற்காலத்தில் ஒரு துணிக்கடையின் பகுதியாகிச் சிதைந்து, 2014 முதல் 2018 வரை பழுதுபார்த்துத் திறந்தார்கள். 2024 முதல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை நடத்துகிறது.

டீயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதே ஊரில் மளிகைக்கடை வைத்து வளர்ந்த தாமஸ் லிப்டன் 1890-ல் இலங்கை மலையகத்தில் தோட்டங்கள் வாங்கினார். சீனத் தேயிலையின் இடத்தை இந்திய, இலங்கைத் தேயிலை பிடித்து, டீ விலை இறங்கி, சாதாரணக் குடும்பத்துப் பெண்ணும் கடையில் உட்கார்ந்து ஒரு கோப்பை குடிக்கலாம் என்றான காலம் இது. மலையகத்தில் அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன நம் சனங்கள். இந்த அழகான அறைக்கு அடியில் அவர்களின் உழைப்பும் இருக்கிறது. அருங்காட்சியக விளக்கப் பலகைகளில் ஒரு வரி இதற்கும் ஒதுக்கலாம் என்று கேட்பது அதிகமாகாது.


வெள்ளி, ஹன்டேரியன்

பல்கலைக்கழகத்தின் ஹன்டேரியன் கலைக்கூடத்துக்கு வெளியே நின்றால், கான்கிரீட் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே, படியே இல்லாமல் ஒரு வாசல் கதவு தொங்குகிறது. மார்கரெட்டும் மெக்கின்டாஷும் 1906 முதல் 1914 வரை வாழ்ந்த வீட்டின் கதவு. 1963-ல் பல்கலைக்கழக விரிவாக்கத்துக்காக அந்த வீட்டை இடித்தார்கள். உள்ளே இருந்ததைப் பத்திரமாக எடுத்துவைத்து, 1981-ல் பழைய இடத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி, ஜன்னல் வெளிச்சம் விழும் திசை மாறாமல் மறுபடி அமைத்தார்கள். கீழே நிலம் சரிவாக இருப்பதால் கதவு அந்தரத்தில் நின்றுவிட்டது.

கீழ்த்தள சாப்பாட்டு அறை இருட்டு. சுவரில் பொட்டலம் கட்டும் பழுப்புத்தாள் ஒட்டி, அதன்மேல் ஸ்டென்சில் ரோஜா. மாடிக்கு ஏறினால் கண் கூசுகிறது. வரவேற்பறை முழுக்க வெள்ளை. 1906-ல் கரிப்புகை படிந்த ஊரில் வெள்ளை கம்பளமும் வெள்ளைச் சுவரும் வைத்து வாழ்வதற்குத் துணிச்சல் வேண்டும். அதைத் துடைத்துத் துவைத்த வேலைக்காரப் பெண்ணையும் நான் நினைத்துக்கொண்டேன்.

இதே வெள்ளைதான் அதற்கு முன்பே வியன்னாவுக்கும் போயிருந்தது. 1900-ல் வியன்னாவின் புதுமைக் கலைஞர்களான செசெஷன் குழுவின் எட்டாவது கண்காட்சிக்கு நால்வரையும் அழைத்தார்கள். புதுமணத் தம்பதிகளாக மார்கரெட்டும் மெக்கின்டாஷும் நேரில் போனார்கள். மே ராணியும் கூடவே போனாள். மாணவர்கள் பூ அலங்கரித்த வண்டியில் வைத்து இழுத்துப் போனார்கள் என்று ஒரு கதை உண்டு. லண்டனில் பேய்ப் பள்ளி என்றதை வியன்னா தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அந்தக் குழுவின் வடிவமைப்பாளர்கள் ஜோசஃப் ஹாஃப்மன், கொலோமன் மோசர் இருவரும் அப்போது தேடிக்கொண்டிருந்த சதுரம், வெறுமை, வெள்ளையும் கறுப்பும் என்ற பாதையில் கண்காட்சியில் இவர்கள் அமைத்த வெள்ளை அறை ஒரு பெரிய உறுதியைத் தந்தது. 1903-ல் அவர்கள் கைவினைக்காரர்களுக்காகத் தொடங்கிய வியன்னா பட்டறைக்குப் பணம் போட்ட ஃப்ரிட்ஸ் வேர்ண்டோர்ஃபர், அதற்கு முந்திய வருஷமே தன் வீட்டு இசையறையைக் கிளாஸ்கோக்காரர்களிடம் ஒப்படைத்திருந்தார்.

எனக்கு முக்கியமானது கிளிம்ட் விஷயம். வியன்னா ஓவியர் குஸ்டாவ் கிளிம்ட் 1902-ல் வரைந்த பீத்தோவன் சுவரோவியத்தில் பூச்சின் மேல் கண்ணாடி, பொத்தான், முத்துச்சிப்பி எல்லாம் பதித்திருக்கிறார். மிதக்கும் நீண்ட பெண்கள். இரண்டு வருஷம் முன்பு அதே கூடத்தில் அவர் பார்த்த மார்கரெட்டின் பலகைகளின் தாக்கம் அதில் இருக்கிறது என்று கலை வரலாற்றாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். மே ராணியின் சரட்டையும் மணியையும் கிட்ட நின்று பார்த்தவர்கள் இதை நம்பத் தயங்க மாட்டார்கள். கிளிம்ட் பெயர் தெரியாத கலை மாணவர் இல்லை. மார்கரெட் பெயரைச் சொன்னால் 'மெக்கின்டாஷ் மனைவியா?' என்கிறார்கள். வேர்ண்டோர்ஃபர் வீட்டுக்காக அவர் செய்த 'ஏழு இளவரசிகள்' பலகைகள் பல பத்தாண்டுகள் தொலைந்ததாகவே கருதப்பட்டு, 1990-ல் வியன்னா அருங்காட்சியகம் ஒன்றின் கிடங்கில் கிடைத்தன.

மெக்கின்டாஷ் ஒருபோதும் மறைக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். 1927-ல் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், என் கட்டட வேலைகளில் பாதி, ஏன் முக்கால்வாசியே நீதான் என்கிறார். அந்தக் கடிதத்தைப் பிறகு வந்தவர்கள்தான் சரியாகப் படிக்கவில்லை.

தங்கை ஃபிரான்சஸின் கதையைப் படித்துவிட்டு அக்கா பேசாமல் வந்தாள். மெக்நேரைக் கல்யாணம் செய்து லிவர்பூல் போனார். பணக் கஷ்டம். கிளாஸ்கோவுக்குத் திரும்பிவந்து கொஞ்ச காலம் பள்ளியில் கற்பித்தார். கடைசி வருஷங்களில் நீர்வண்ணத்தில் ஒரு வரிசை வரைந்தார். திருமணம், தாய்மை, பெண்ணுக்கு விடப்பட்ட வழிகள் பற்றி. ஒன்றின் தலைப்பு, வாழ்க்கையின் மணிகளை ஆண் செய்கிறான், கோக்க வேண்டியவள் பெண் என்பது. 1921-ல் இறந்துபோனார். அவருடைய படைப்புகளில் பெரும்பகுதியைக் கணவரே அழித்துவிட்டார். மெக்நேர் அதற்குப் பிறகு 1955 வரை வாழ்ந்தும் எதையும் படைக்கவில்லை. மிச்சமிருப்பவற்றில் சில ஹன்டேரியன் சேகரிப்பில் உள்ளன.

நால்வரில் இருவர் 1914-லேயே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். போர்க்காலத்தில் இங்கிலாந்தின் கடலோரக் கிராமம் ஒன்றில் தங்கியிருந்தபோது, வியன்னாவிலிருந்து வந்த கடிதங்களால் மெக்கின்டாஷை உளவாளி என்று சந்தேகப்பட்டார்கள். 1928-ல் அவரும் 1933-ல் மார்கரெட்டும் லண்டனில் இறந்தார்கள். ஸ்டூடியோவில் இருந்த நாற்காலிகள், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மதிப்பீட்டாளர் போட்ட விலை 88 பவுண்டும் சில்லறையும். 2008-ல் மார்கரெட்டின் ஒரே ஒரு ஜெஸ்ஸோ பலகை 17 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது.


சனி, ஹெலன்ஸ்பரோ

குவீன் தெரு ஸ்டேஷனிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கிளைட் ஆற்றின் முகத்துவாரம் கூடவே வருகிறது. இறங்கி மேட்டில் நடந்தால் ஹில் ஹவுஸ்.

வீடு ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. வால்டர் பிளாக்கி என்ற பதிப்பாளருக்காக 1902-04-ல் கட்டியது. பிளாக்கியிடம் மெக்கின்டாஷை அறிமுகம் செய்தவர் அந்தப் பதிப்பகத்தின் கலை இயக்குநர் டால்வின் மாரிஸ். நூற்றுக்கணக்கான சாதாரணப் புத்தகங்களுக்கு கிளாஸ்கோ பாணியில் அட்டை போட்டு அதை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தவர். வெளிச்சுவருக்கு மெக்கின்டாஷ் அப்போது புதிதாக வந்த போர்ட்லண்ட் சிமென்டைப் பூசினார். சுவர் உச்சியில் மழைநீரை வழியவிடும் கல்மூடி வைத்தால் வடிவம் கெடும் என்று அதையும் தவிர்த்தார். சிமென்டில் விரிசல் விழுந்து, தண்ணீர் உள்ளே புகுந்து, வெளியேற வழியில்லாமல் நூறு வருஷம் ஊறியிருக்கிறது. 2019-ல் வீட்டை முழுக்க மூடி இரும்புச் சட்டமும் கூரையும் போட்டார்கள். பக்கச் சுவர்கள் எஃகு வளையங்களைக் கோத்த வலை. மூன்று கோடிக்கும் மேற்பட்ட வளையங்கள். மழை தடைபடும், காற்றும் தேனீயும் போய்வரும். வலைக்குள்ளே நடைபாதை போட்டிருப்பதால் கூரைக்கு மேலேயே நடந்து புகைபோக்கிகளைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். வீடு காய்ந்துகொண்டிருக்கிறது.

உள்ளே வரவேற்பறைக் கணப்பின் மேல் மார்கரெட் 1908-ல் செய்த தூங்கும் இளவரசி. ஸ்டென்சில் ரோஜாக்கள் சுவரெல்லாம். என்னை நிறுத்தியது படுக்கையறை. அங்கே அந்தப் புகழ்பெற்ற ஏணி முதுகு நாற்காலி, கறுப்பு, மெலிசு. உட்கார ஆகாது. வெள்ளைச் சுவரில் ஒரு கறுப்புக் கோடு வேண்டியிருந்தது, அதற்காக வைத்தது. துணியில் எங்கே நூல் ஓட்டலாம், எங்கே வெறுமனே விடலாம் என்று மாணவிகளுக்கு விளக்கித் தொண்டை வற்றியிருக்கிறேன். இனி இந்த அறையின் படத்தைக் காட்டிவிடலாம்.


திங்கள், கிர்க்கூப்ரி

நேற்று ஓய்வு. இன்று டம்ஃப்ரீஸ் வரை ரயில், அங்கிருந்து பஸ். கிர்க்கூப்ரிக்கு ரயில்பாதை 1965-லேயே போய்விட்டது. 'டீ' (Dee) என்று பெயருள்ள ஆற்றின் கரையில், வண்ணம் பூசிய வீடுகளோடு ஒரு சின்ன ஊர். கிளாஸ்கோ ஓவியர்கள் கோடை தோறும் வந்து, பிறகு குடியே வந்துவிட்ட இடம்.

ஹார்னெல் 1901-ல் வாங்கிய ப்ராட்டன் ஹவுஸ் இங்கே இருக்கிறது. பின்னால் அவர் சேர்த்த கூடத்தை வடிவமைத்தவர் மெக்கின்டாஷின் கூட்டாளி ஜான் கெப்பி. தோட்டத்தில் ஜப்பானின் சாயல். 1893-ல் ஹென்றியோடு ஜப்பான் போய் ஒன்றரை வருஷம் இருந்தவர். 1907-ல் இலங்கைக்கும் போனார். புகைப்படங்களைப் பார்த்து வரைவது அவர் வழக்கம், வீட்டில் பெரிய புகைப்படச் சேகரிப்பு இருக்கிறது. பூக்களுக்கு நடுவே சிறுமிகள் என்று ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து விற்றார் என்பது என் மனக்குறை. 1890-ல் தங்கத் தகடு ஒட்டிய துணிச்சல் அவற்றில் இல்லை.

நான் வந்தது பக்கத்திலேயே இருக்கும் கிரீன்கேட் என்ற வீட்டுக்காக. ஜெஸ்ஸி எம். கிங். கலைப்பள்ளியில் படித்து, அங்கேயே புத்தக அலங்காரம் கற்பித்தவர். முடி இழை போன்ற கோடுகளும் புள்ளிகளும் கொண்ட அவரது வேலைக்கு 1902 டூரின் கண்காட்சியில் தங்கப் பதக்கம். லண்டன் லிபர்ட்டி கடைக்குத் துணியும் வெள்ளி நகையும் வடிவமைத்தார். கல்யாணத்துக்குப் பிறகும் சொந்தப் பெயரிலேயே கையெழுத்திட்டார். பாரிஸில் கணவர் ஈ.ஏ. டெய்லரோடு ஓவியப்பள்ளி நடத்திவிட்டு, முதல் உலகப் போர் சமயத்தில் இங்கே வந்து தங்கிவிட்டார்.

வீட்டின் பக்கவாட்டில் ஒரு சந்து. அதற்குள் சின்னச் சின்னக் குடில்கள். கோடையில் ஓவியம் வரைய, நகை செய்ய, நெய்ய வரும் பெண்களுக்கு அவற்றைக் கொடுத்தார். பாரிஸில் கற்ற பாட்டிக்கை இங்கே செய்தார். மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் அந்த முறையை, சிண்ட்ரெல்லா நடன விருந்துக்குத் தன் உடுப்பைத் தானே தயாரிப்பதாகக் கதை கட்டி, செய்முறைப் புத்தகமாக 1924-ல் வெளியிட்டார். கற்றுக்கொடுப்பதில் இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

கிளாஸ்கோவில் 1914-க்குள் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது என்றுதான் எங்கும் எழுதுகிறார்கள். மெக்கின்டாஷை நடுவில் வைத்துப் பார்த்தால் அது சரி. ஜெஸ்ஸி கிங் 1949-ல் இறக்கும்வரை இந்தச் சந்தில் பெண்கள் வந்து தங்கி வேலை செய்தார்கள். ஆன் மெக்பெத்திடம் படித்த ஆசிரியைகள் அதற்கும் பிறகு பள்ளிக்கூடங்களில் ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வருகிறவர்களுக்கு: ப்ராட்டன் ஹவுஸ் குளிர்காலத்தில் மூடியிருக்கும், நாள் பார்த்து வாருங்கள். கிரீன்கேட் தனியார் வீடு. சந்தின் வாசலில் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.